கேள்வி உங்களோடது: கவுன்சிலுக்கு நிக்கணுமா, சட்டமன்றத்துக்கு நிக்கணுமா?

இந்த தடவை வந்த வாட்ஸ்அப்புல நெறைய தேர்தல் பத்திதான். நம்ம மலேசியாவுல, பினாங்கு மாநில சட்டமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2028 வாக்குல தான், ஆனா ஆசைப்படுறவங்க இப்பவே விசாரிக்க ஆரம்பிச்சிட்டாங்க, அது நல்ல விஷயம், அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே விட்டாச்சு.

கேள்வி: அண்ணே, எனக்கு 24 வயசு, பிறையில ஃபேக்டரி வேலை. ஏரியாவுல கால்வாய் அடைப்பு, லைட்டு எரியல, இதுக்கெல்லாம் நாலு வருஷமா நாங்க பசங்க சேர்ந்து கம்ப்ளைன் போட்டு ஓடுறோம். தமிழ்நாட்டுல எங்க மாமா வார்டு மெம்பரா நின்னு ஜெயிச்சாரு. நானும் முதல்ல சிட்டி கவுன்சில் எலெக்‌ஷன்ல நின்னு அப்புறம் சட்டமன்றத்துக்கு போலாம்னு இருக்கேன். கவுன்சில் எலெக்‌ஷன் எப்போ? (வாசகர், பிறை)

பதில்: தம்பி, இங்க கவுன்சிலுக்கு எலெக்‌ஷனே இல்ல. எப்பவும் இல்லாம இருந்துச்சானா அதுவும் கிடையாது, இருந்ததை நிறுத்திட்டாங்க, அந்த கதை உனக்கு கண்டிப்பா தெரியணும்.

சுதந்திரத்துக்கு முன்னாடி மலாயா கூட்டரசுல நடந்த முதல் நகராட்சி தேர்தலே நம்ம ஜார்ஜ்டவுன்ல தான், 1951 டிசம்பர்ல, 9 இடத்துக்கு. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரம் ஆச்சு, அதோட முதல் மேயர் யாருன்னா டி.எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், நம்ம ஆளு. இன்னைக்கும் அவர் பேர்ல பினாங்குல ரோடு இருக்கு, அதுல தினம் வண்டி ஓட்டுற நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அவர் யாருன்னு தெரியும்னு நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. அப்புறம் இந்தோனேசியாவோட கொன்ஃப்ரன்தாசி (மோதல்) நடந்த நேரத்துல, 1965 மார்ச்சுல, அவசரகால சட்டத்த வச்சு நாடு பூரா உள்ளாட்சி தேர்தல நிறுத்தி வச்சாங்க. சண்டை முடிஞ்சதும் திரும்ப வரும்னுதான் அப்போ சொன்னாங்க. வரல. இதை ஆராய ஒரு அரச விசாரணை கமிஷன் போட்டாங்க, அதுக்கு தலைவர் செனட்டர் அத்தி நாகப்பன், மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர்கள்ல ஒருத்தர், அவங்க கமிஷன் 1968-ல ரிப்போர்ட்ட முடிச்சு கொடுத்துச்சு, கவுன்சில்ங்கிறது மக்கள் தேர்ந்தெடுத்ததா தான் இருக்கணும்னு அதுல எழுதியிருந்தாங்க. ஆனா 1976-ல வந்த உள்ளாட்சி சட்டம், 171-ஆம் சட்டம்னு சொல்லுவாங்க, தேர்தல் பக்கத்தையே மூடிருச்சு. 2012-ல பினாங்கு மாநில அரசு நாங்களே நடத்திக்கிறோம்னு சட்டமன்றத்துல தனியா ஒரு சட்டம் போட்டுச்சு, 2014-ல கூட்டரசு நீதிமன்றம் (நாட்டோட உச்ச நீதிமன்றம்) அது செல்லாதுன்னு சொல்லிருச்சு.

ஆக இப்ப நடக்கிறது நியமனம். ஒரு கவுன்சிலுக்கு 8 பேருக்கு குறையாம 24 பேருக்கு மிஞ்சாம, மாநில அரசு பேர் போடும். நம்ம ஊர்ல வழக்கமா ஆளும் கூட்டணி கட்சிங்க பங்கு பிரிச்சுக்குவாங்க, பினாங்குல 2008-க்கு அப்புறம் பொது அமைப்புகள் சிபாரிசு பண்ற ஆளுங்களுக்கும் இடம் கொடுத்தாங்க, அது ஒரு நல்ல பழக்கம். சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னா, உள்ளாட்சி விஷயத்துல அனுபவம் உள்ளவங்க, தொழில்ல பேர் எடுத்தவங்க, இல்லனா தன் சமூகத்துக்காக பேசக்கூடிய திறமை உள்ளவங்க. அந்த கடைசி வரிய நல்லா கவனி, அதுல பட்டம் பதவி எதுவும் கேக்கல. நாலு வருஷமா கால்வாய்க்கு ஓடுற உனக்கு அந்த வரி பொருந்தும், ஆனா நீ ஓடுனது யாருக்கு தெரியும்? கம்ப்ளைன் போட்ட தேதி, போட்டோ, கவுன்சில் கொடுத்த ரெஃபரன்ஸ் நம்பர், எப்ப சரி பண்ணாங்க எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடு. அத தூக்கிக்கிட்டு கட்சிக்காரங்ககிட்டயும் போ, பொது அமைப்புகள்கிட்டயும் போ.

நீ சொல்ற பாதையில நடந்தவங்க இல்லாம இல்ல. ஷெர்லீனா அப்துல் ரஷீத் முதல்ல பினாங்கு தீவுல கவுன்சிலரா இருந்தாங்க, 2018-ல ஸ்ரீ டெலிமா சட்டமன்ற உறுப்பினர், 2022-ல புக்கிட் பெண்டேரா எம்.பி. கவுன்சில்ல உக்காந்து ஃபைல் படிச்சு பழகினவங்களுக்கு சட்டமன்றத்துல கேள்வி கேக்க தெரியும், அதனால உன் ஆசை தப்பான ஆசை இல்ல தம்பி, ஓட்டு கேக்குறது மட்டும் ரெண்டாவது படியில தான் வரும்.

கேள்வி: எங்க ஃப்ளாட்டு 15 மாடி, ரெண்டு லிஃப்ட்டுல ஒன்னு மாசக்கணக்கா செத்து கெடக்கு. போன தேர்தல்ல ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஒருத்தர் வந்து ஜெயிச்சா லிஃப்ட்டு சரி பண்ணி தரேன்னு சொல்லிட்டு போனார். இப்ப கேட்டா கவுன்சில் வேலைங்கிறாங்க, கவுன்சில்ல கேட்டா மேனேஜ்மென்ட் வேலைங்கிறாங்க. எங்க மாமியாருக்கு முட்டி வலி, அவங்க கீழ எறங்கியே ரொம்ப நாளாச்சு. யாரத்தான் கேக்குறது? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: அக்கா, ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, அதனாலதான் உங்கள சுத்த விடுறாங்க. தனியார் கட்டின ஃப்ளாட்டுனா லிஃப்ட்டு உங்க மேனேஜ்மென்ட் கமிட்டி பொறுப்பு, ஜேஎம்பின்னோ எம்சின்னோ அதுக்கு பேர் இருக்கும், 2013-ல வந்த ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) மேனேஜ்மென்ட் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்த கமிட்டி ஒழுங்கா கணக்கு காட்டலனா, கூட்டமே போடலனா, கவுன்சில்ல கட்டட ஆணையர்னு ஒரு பிரிவு இருக்கு, சிஓபின்னு சொன்னா தெரியும், அங்க எழுத்துல புகார் கொடுக்கணும். வாயில சொல்லாதீங்க, காகிதத்துல கொடுத்து ச்சோப் (முத்திரை) அடிச்ச காப்பிய வாங்கிட்டு வாங்க.

பணம் இல்லங்கிறது தான் பிரச்சனைனா, அங்கதான் ஒய்.பி. வேலை வருது. பினாங்கு மாநில அரசுகிட்ட பராமரிப்பு நிதின்னு ஒன்னு இருக்கு, பேரே 80 விழுக்காடுன்னு வச்சிருக்காங்க, மலிவு விலை, நடுத்தர விலை ஃப்ளாட்டுல லிஃப்ட்டு, தண்ணி தொட்டி, கூரை மாதிரி பெரிய ரிப்பேருக்கு மாநிலம் செலவுல பெரும் பங்கு போடும், மிச்சத்த வீட்டுக்காரங்க போடணும். விண்ணப்பம் கமிட்டி தான் போடணும். ஒய்.பி. உண்மையா உதவணும்னா அந்த விண்ணப்பம் எங்க நிக்குதுன்னு தேடி தள்ளி விடலாம், உங்க கமிட்டிய கூப்பிட்டு உக்கார வச்சு ஃபாரம் நிரப்ப சொல்லலாம். மெயின்டனன்ஸ் ஃபீஸ் கட்டாத வீடுங்க அதிகமா இருந்தா அந்த 20 விழுக்காடு சேராது, நிறைய ஃப்ளாட்டுல விஷயம் இங்கதான் மாட்டிக்குது, அதையும் உங்க பிளாக்குல பேசுங்க.

எனக்கு கோவம் வர்றது எங்கன்னா, பிரச்சாரத்துக்கு வந்தப்பவே இத்தனையும் அவருக்கு தெரிஞ்சிருக்கணும். லிஃப்ட்டு சரி பண்ணி தரேன்னு சொல்றதுக்கு பதிலா, உங்க கமிட்டி விண்ணப்பம் போட்டாச்சா, எத்தனை வீடு பாக்கி வச்சிருக்குன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா அவர் வேலை தெரிஞ்ச ஆளுன்னு நம்பலாம். அடுத்த தடவை மாடி ஏறி வர்ற எல்லா வேட்பாளர்கிட்டயும் நீங்க இதையே கேளுங்க. நடந்து ஏறி வந்தாரான்னும் பாருங்க.

கேள்வி: சட்டமன்ற தேர்தல்ல நிக்க எவ்வளவு காசு ஆகும்? கட்சி இல்லாம தனியா நிக்க முடியுமா? (ஓய்வு பெற்றவர், பட்டர்வொர்த்)

பதில்: முடியும் ஐயா. மாநில தொகுதிக்கு டெபாசிட் 5,000 வெள்ளி (ரிங்கிட்), அது போக பேனர் போஸ்டருக்குன்னு 3,000 வெள்ளி தனியா கட்டணும், தேர்தல் முடிஞ்சு 14 நாளுக்குள்ள ஒட்டினதெல்லாம் கழட்டிட்டா அது திரும்ப வரும். 5,000 திரும்ப வரணும்னா விழுந்த ஓட்டுல எட்டுல ஒரு பங்கு வாங்கியிருக்கணும். மலேசிய குடிமகனா, இந்த மாநிலத்துல வசிக்கிறவரா, திவால் ஆகாதவரா இருக்கணும், வயசு இப்ப 18 ஆனாலே போதும். அந்த தொகுதி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். வேட்புமனு நாள்ல காலைல 9-ல இருந்து 10 வரைக்கும் ஒரு மணி நேரம் தான், அதுக்குள்ள ஃபாரம் போயாகணும், கையெழுத்து ஒன்னு விட்டுப்போச்சுனா கூட அத்தனை உழைப்பும் அந்த கேட்டுலயே முடிஞ்சிரும், அதனால முதல் நாளே வக்கீல் ஒருத்தர வச்சு ரெண்டு தடவை சரி பாக்கணும். தனியா நிக்கிறவங்களுக்கு எஸ்பிஆர் (தேர்தல் ஆணையம்) வச்சிருக்கிற லிஸ்ட்டுல இருந்து ஒரு சின்னம் கிடைக்கும்.

செலவுக்கு சட்டம் போட்ட எல்லை மாநில தொகுதிக்கு 1 லட்சம் வெள்ளி. ஆனா இது வேட்பாளர் கணக்கு, கட்சி தனியா பண்ற செலவுக்கு எல்லை இல்ல, தனியா நிக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய பாதகம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கொடி, பேனர், செராமாவுக்கு (பிரச்சாரக் கூட்டத்துக்கு) மேடை, மைக்கு, நாற்காலி, வேலை செய்ற பசங்களுக்கு சாப்பாடு, பெட்ரோல், எல்லாம் சின்ன சின்னதா ஏறும். ஒவ்வொரு ரசீதையும் எடுத்து வைங்க ஐயா. ரிசல்ட் கெசட்ல வந்து 31 நாளுக்குள்ள கணக்கு காட்டணும், தோத்தவங்களும் தான். தோத்த வருத்தத்துல கணக்க மறந்துட்டு அடுத்த தேர்தல்ல நிக்கவே முடியாம போனவங்க நாட்டுல நெறைய பேர் இருக்காங்க. இன்னொன்னு, ஓட்டுக்காக சாப்பாடு வாங்கி கொடுக்கிறது, போக வர காசு கொடுக்கிறது குற்றம், நம்ம ஆளுங்க பாசத்துல பண்றோம்னு சொல்லுவாங்க, சட்டம் பாசம் பாக்காது.

கேள்வி: பினாங்குல நாம பத்துல ஒருத்தர் தான். தமிழ் பேர் இருக்கிற வேட்பாளருக்கே ஓட்டு போடணுமா? (வாசகர், நிபோங் தெபால்)

பதில்: பேர் முக்கியம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். 40 சீட்டுல பிறை, பாகான் டாலாம், பத்து உபான் மாதிரி சில சீட்டுல 2008-ல இருந்து நம்ம ஆளுங்க நின்னு ஜெயிக்கிறாங்க, பேராசிரியர் ராமசாமி பிறைல இருந்து போய் 15 வருஷம் துணை முதல்வரா இருந்தார், ஒரு தோட்டப்புற பிள்ளை அத பாத்து வளர்றதுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனா நான் வேட்பாளர்கிட்ட முதல்ல கேக்குற விஷயம் வேற. நிலம்.

அரசியலமைப்பு சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணைய எடுத்து பாத்தா, கல்வி கூட்டரசுகிட்ட, அதாவது மத்திய அரசுகிட்ட, போலீஸ் கூட்டரசுகிட்ட, ஆஸ்பத்திரி கூட்டரசுகிட்ட, நிலம் மட்டும் மாநிலத்துகிட்ட. பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, வாத்தியார அனுப்புறது கல்வி அமைச்சு, ஆனா பள்ளிக்கூடம் நிக்கிற நிலம் யார் பேர்ல இருக்கு, பெருசாக்க பக்கத்து நிலம் கிடைக்குமா, அது மாநிலம். தோட்டத்துல தாத்தா காலத்துல கட்டுன கோயில் இன்னைக்கு யாரோட நிலத்துல நிக்குது, அதுவும் மாநிலம். தோட்டம் வித்தா அதுல இருக்கிற குடும்பங்க எங்க போறாங்க, நிலத்தோட பயன்பாட்ட மாத்த அனுமதி கொடுக்கிறது யாரு, அதுவும்தான். நம்மள மாதிரி தோட்டத்துல இருந்து வந்த சமுதாயத்துக்கு இதவிட பெரிய விஷயம் எது?

கம்போங் புவா பாலாவ மறக்க முடியுமா. புக்கிட் குளுகோர் பக்கம், தலைமுறை தலைமுறையா மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ் கிராமம், நடு பட்டணத்துல பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போட்ட இடம். நிலம் அரசு அதிகாரிங்க கூட்டுறவு சங்கத்துக்கு போச்சு, முந்தின ஆட்சியில ஆரம்பிச்சது 2008-ல வந்த புது ஆட்சி தலையில விழுந்துச்சு, கோர்ட்டுக்கு போனாங்க, கடைசில தோத்தாங்க, 2009-ல இடிச்சாங்க. மாற்று வீடு பேச்சு நடந்துச்சு, அதுல யார் எவ்வளவு விட்டு கொடுத்திருக்கணும்னு இன்னைக்கும் நம்ம வீடுங்கள்ல சண்டை நடக்கும். என் கருத்து இதுதான்: அந்த நிலம் கை மாற ஆட்சிக்குழு மேசைக்கு வந்த அன்னைக்கே சட்டமன்றத்துல எழுந்து கேள்வி கேட்டு ஊர உலுக்கியிருக்கணும், புல்டோசர் வந்தப்புறம் எந்த ஒய்.பி. வந்து நின்னாலும் படம் எடுக்கத்தான் உதவும். அப்படி நேரத்தோட கேக்கிறவர் பேர் தமிழா, சீனமா, மலாயான்னு நான் பாக்க மாட்டேன். தமிழ் பேரும் இருந்து நேரத்தோட கேக்கவும் தெரிஞ்சா சந்தோஷமா போய் கொடி கட்டுவேன்.

அதனால செராமாவுக்கு போனா கை தூக்கி இத கேளுங்க: இந்த தொகுதியில எந்தெந்த கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இன்னும் சொந்தமா நில பட்டா இல்ல, உங்களுக்கு தெரியுமா? தெரியாதுன்னா தெரிஞ்சுகிட்டு திரும்ப வர சொல்லுங்க.

கேள்வி: கேஎல்ல எங்களுக்கு சட்டமன்ற ஓட்டே வர்றதில்ல, ஏன்? (வாசகர், செந்தூல்)

பதில்: கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ல சிலாங்கூர்ல இருந்து பிரிஞ்சு கூட்டரசு பிரதேசம் ஆச்சு, அதோட மாநில ஓட்டு போச்சு. உள்ளாட்சி தேர்தல் அதுக்கும் முன்னாடியே போச்சு. உங்க மேயர நியமிக்கிறது கூட்டரசு தரப்பு. 11 எம்.பி. சீட்டு தான் உங்க கையில இருக்கு, அதனால கால்வாய்ல இருந்து கொண்டோ (அடுக்குமாடி) வரைக்கும் எல்லாத்தையும் எம்.பி.கிட்டயே கொண்டு போக வேண்டியிருக்கு. ஊர்லயே பெரிய நகரத்துக்கு ஒரே ஒரு ஓட்டுங்கிறது எனக்கு நியாயமா படல. உள்ளாட்சி தேர்தல் வந்தா நகரங்கள்ல ஒரு இனத்துக்கு மட்டும் பலன் போகும்னு பயப்படுறவங்க இருக்காங்க, அந்த பயத்த தள்ளி விடாம வார்டு பிரிக்கிற முறையில பதில் சொல்ல முடியும்னு நெனைக்கிறேன்.

கேள்வி: நான் யூனிவர்சிட்டி மாணவி. ஒரு வேட்பாளருக்கு பாக்காவா, அதாவது வாக்குச்சாவடியில அவர் சார்பா கண்காணிக்கிற ஆளா, உக்கார கூப்பிடுறாங்க. அம்மா அரசியல் நமக்கு வேணாம்ங்கிறாங்க. போகலாமா? (வாசகி, கெளுகோர்)

பதில்: போ தங்கச்சி, எந்த கட்சியா இருந்தாலும் போ. ஒரு நாள் ஓட்டுப்பதிவு நடக்கிற பள்ளிக்கூட வகுப்பறையில உக்காந்தா பத்து செராமாவுல கத்துக்க முடியாதத கத்துக்குவ. ஓட்டு போட வர்றவங்கள வயசு வாரியா சாலுரானா (ஓட்டு போடுற வரிசையா) பிரிச்சிருப்பாங்க, சாலுரான் 1-ல மூத்தவங்க, நம்பர் ஏற ஏற வயசு குறையும். பேர் கூப்பிடுறத பட்டியல்ல கோடு போடணும், விரல்ல மை வைக்கிறாங்களான்னு பாக்கணும், பாட்டி ஒருத்தங்க தடுமாறினா அதிகாரி எப்படி உதவுறாருன்னு கவனிக்கணும். சாயங்காலம் பெட்டிய திறந்து ஒவ்வொரு சீட்டா தூக்கி காட்டுவாங்க, சந்தேகமான சீட்டு வந்தா அந்த நிமிஷமே வாய திறக்கணும், அப்புறம் சொன்னா எடுபடாது. முடிஞ்சதும் போராங் 14 (14-ஆம் படிவம்)-ல எண்ணிக்கை எழுதி கையெழுத்து வாங்குவாங்க. கூட்டி பாத்துட்டு கையெழுத்து போடு, காப்பிய வாங்காம அந்த ரூம்ப விட்டு வெளிய வராத. அந்த காகிதம்தான் உன் வேட்பாளருக்கு ஆதாரம்.

அம்மாகிட்ட சொல்லு, அங்க சண்டை போட போகல, எண்ண போறேன்னு. தண்ணி, பிஸ்கட், ஜாக்கெட் எடுத்துக்கோ, ஃபோன உள்ள பயன்படுத்த விட மாட்டாங்க.

கேள்வி: கவுன்சிலர்ங்க கூட்டத்துல என்ன பேசுறாங்கன்னு நாம போய் பாக்க முடியுமா? எங்க பாசார் மாலாம இடம் மாத்த போறதா பேச்சு அடிபடுது. (இரவுச்சந்தை வியாபாரி, ஜெலுத்தோங்)

பதில்: பாக்கலாம். 171-ஆம் சட்டத்துல 23-ஆம் பிரிவு, கவுன்சிலோட முழு கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்கணும்னு சொல்லுது, கவுன்சிலே தீர்மானம் போட்டு மூடினா தவிர. சின்ன கமிட்டி கூட்டங்களுக்கு அது பொருந்தாது, லைசன்ஸ், சந்தை விஷயமெல்லாம் பெரும்பாலும் அந்த கமிட்டில தான் முதல்ல பேசி முடிப்பாங்க, அதனால முழு கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க. உங்க ஏரியாவ பாக்குற கவுன்சிலர் யாருன்னு கவுன்சில் ஆபிஸ்ல கேட்டா சொல்லுவாங்க. வியாபாரிங்க எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமா எழுதுங்க, எத்தனை கடை, எத்தனை வருஷமா, மாத்துற இடத்துல பார்க்கிங் இருக்கா, கரண்டு இருக்கா, மழை தண்ணி நிக்குமா, எல்லாத்தையும் போட்டு லைசன்ஸ் காப்பியோட கவுன்சிலருக்கு ஒன்னு, ஒய்.பி.க்கு ஒன்னு, மேயர் ஆபிஸுக்கு ஒன்னு. கவுன்சிலர் உங்க ஓட்டுல வரல, அதனால உங்கள தேடி வரணும்னு அவருக்கு கட்டாயம் இல்ல, நீங்கதான் போய் நிக்கணும், ஒருத்தரா போகாம கூட்டமா போங்க, போறப்போ எங்ககிட்டயும் சொல்லுங்க, நாங்களும் வரோம்.